நெட்டைத் தொட்டது யார்

1

போன சனிக்கிழமை என் மகள் கோமதி தன் அணியைத் தானே தோற்கடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, தயிர் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். தோற்றவள் முகம் மாதிரியே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் வாலிபால் பயிற்சியாளர் என்னை மடக்கினார். இங்கே போட்ஸ்வானாவில், காபரோனி நகரத்தில், நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில்தான் கோமதியும் படிக்கிறாள். அவளுடைய வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். அதனால் எந்தப் புகாராக இருந்தாலும் என் மேசைக்கு இரண்டு முறை வரும், வாத்தியாருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

"ரா, ஜெயிக்க ஒரு பாயின்ட் பாக்கி" என்றார். 'ரா' என்றால் இந்த ஊரில் ஐயா. "உங்கள் மகள் அடித்தாள். பந்து எதிர்ப்பக்கம் தரையில் விழுந்தது. நாங்கள் துள்ளிக் குதிக்கிறோம். அவள் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். என்னவென்று கேட்டால், நெட்டைத் தொட்டுவிட்டாளாம்! நடுவர் பார்க்கவில்லை. எதிரணி பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை. பாயின்ட் போயிற்று, அத்தோடு ஆட்டமும் போயிற்று. யார் இவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

பேசிக்கொண்டே ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். பருவ முடிவில் ஒவ்வொரு விளையாட்டுப் பிள்ளைக்கும் நிரப்புகிற படிவம். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று ஆட்டத்திறன், இன்னொன்று நடத்தை. முதல் கட்டத்தில் இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பைப் போட்டிருந்தார். இரண்டாவது காலியாக இருந்தது.

"இதில் என்ன போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம். அவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு கட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊரிலும் இப்படி ஒரு படிவம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ மனக்கஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

2

இடக்கை சுடலைமுத்து என்றால் ஒரு காலத்தில் பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை ஆற்றோரம் முழுக்கத் தெரியும். உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் குதித்தால் கீழே வர மனமில்லாதவர் மாதிரி அங்கேயே நிற்பார். தடுக்க எழும்பியவர்கள் எழும்பி, கை நீட்டி, இறங்கித் தரையைத் தொட்ட பிறகு நிதானமாக அடிப்பார். பந்து விழுந்த இடத்தில் மண் தெறிக்கும். நான் அவருடைய லிஃப்டர். அதாவது வலைக்குப் பக்கத்தில் நின்று, அவர் அடிக்க வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். மூன்று வருடம் தூக்கினேன். அவர் அடித்த அடிகளில் பாதிக்கு மேல் என் பத்து விரலைத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கின்றன. இதை நான் சொன்னால்தான் உண்டு. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

புன்னக்காயலில் ஒரு தடவை ஆடினோம். ஆறு கடலில் சேருகிற இடம், சாயங்காலக் காற்று. தூக்கிய பந்து ஒன்றுகூட தூக்கிய இடத்தில் நிற்கவில்லை. உள்ளூர்ப் பையன்களுக்கு அந்தக் காற்று பழக்கம். எங்களுக்கு முதல் செட் போய்விட்டது. அண்ணாச்சி கை நிறைய மணலை அள்ளி, மெதுவாகக் கீழே விட்டு, அது சாய்கிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏலே, பந்த எனக்குப் போடாத. காத்துக்குப் போடு. நான் காத்துக்கிட்ட வாங்கிக்கிடுதேன்."

அப்படியே செய்தேன். அடுத்த இரண்டு செட்டில் அவர் அடித்த அடிகளைப் பார்த்து, தோற்றுக்கொண்டிருந்த ஊர்க்காரர்களே விசிலடித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மீன் குழம்போடு சோறு போட்டு அனுப்பினார்கள். அன்றைக்குப் பார்த்ததை விட அழகான ஒன்றை நான் இதுவரை எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. அதை எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

ஆனால் கையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தால் கதை வேறு. அண்ணாச்சிக்கு உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதில் ஒன்றைக்கூட மனதுக்குள் வைத்திருக்க மாட்டார். கண்ணாடி போட்டவன் கோழை. டீயில் சீனி குறைத்துக் குடிப்பவன் கஞ்சன். வெளிநாட்டுக்குப் போகிறவன் வீட்டில் அடி வாங்கியவன். பெண்பிள்ளை மைதானத்துக்குள் கால் வைத்தால் அந்த வருடம் மழை பெய்யாது. ஜெயித்தால் அவர் அடித்தது. தோற்றால் நான் தூக்கியது.

3

பாபநாசத்தில் ஓர் இறுதி ஆட்டம். கடைசி செட், கடைசி பாயின்ட். நான் தூக்கினேன். அவர் அடித்தார். பந்து தரையில் விழுந்து எகிறி, கூட்டத்தைத் தாண்டிப் போனது. கூட்டம் எழுந்துவிட்டது. அப்போது நடுவர் விசில் ஊதி வலையைக் காட்டினார். எங்கள் பக்கம் யாரோ தொட்டுவிட்டார்கள்.

தொட்டது அண்ணாச்சியின் முழங்கை. என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அது வலையில் பட்டதை நான் பார்த்தேன். கூட்டத்துக்குத் தெரியாது. இரண்டு பேரும் வலைப்பக்கம் ஒன்றாக நின்றோம். "யாருலே தொட்டது?" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். அண்ணாச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பஸ் அம்பாசமுத்திரம் தாண்டியது, சேரன்மகாதேவி தாண்டியது, அவர் ஜன்னலோரம் சுகமாகத் தூங்கினார். பாளையங்கோட்டையில் இறங்கும்போது எனக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டிருந்தார்கள், நெட்டு. மாணிக்கம் என்ற என் பெயர் பள்ளிச் சான்றிதழில் மட்டும்தான் மிஞ்சியது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "நெட்டுன்னா, மாப்பிள ரொம்ப உயரமோ?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் ஐந்தரை அடி.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் வலித்தது. அந்த வருடத்தோடு ஆடுவதை விட்டுவிட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகும், உறையின் மேல் 'நெட்டு மாணிக்கம்' என்று நண்பர்கள் எழுதி அனுப்பும் கடிதத்தைப் பிரிக்குமுன் ஒரு நொடி கை நிற்கும்.

4

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தோம். கோமதிக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து நான் சொன்ன கதையெல்லாம் சுடலைமுத்து அண்ணாச்சியின் அடிதான். புன்னக்காயல் காற்றை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பாபநாசத்து வலையைச் சொன்னதில்லை. பிள்ளைக்கு ஒரு வீரர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான். அவளுக்கும் பிறவியிலேயே இடக்கை. தன்னைப் போல ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

அவளுடைய தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே அவளோடு தமிழ் பேச என்னையும் என் மனைவியையும் விட்டால் ஆள் கிடையாது. நாங்கள் அவளை 'நீ' என்கிறோம், அவளும் எல்லோரையும் 'நீ' என்பாள். ஊருக்குப் போன முதல் வாரத்தில் பெரியப்பா, டாக்டர், கோயில் பட்டர் எல்லோருக்கும் 'நீ' விழுந்தது. திருத்திப் பார்த்து ஓய்ந்துபோனோம். எனக்கும் நாக்கு சரியாக இல்லை. இங்கே 'ஆமாம்' என்பதற்கு 'ஏ' என்று இழுப்பார்கள். பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், "பேரு மாணிக்கமா?" என்று கேட்க, நான் பழக்கத்தில் "ஏ" என்றுவிட்டேன். "என்ன ஓய், 'ஏ'ங்கீரு?" என்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் அங்கே போனது நன்னடத்தைச் சான்றிதழுக்காக. அது இருந்தால்தான் இங்கே என் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். நான் யோக்கியன் என்று உள்ளூரில் மதிப்புள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் ஆள் சுலபம். மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் பீர் முகம்மது, எங்கள் பழைய அணியில் ஆடியவன், என் உயிர் நண்பன். கையெழுத்தைப் போட்டுவிட்டு, "ரெண்டாவதுக்கு அண்ணாச்சிய விட்டா ஆளு ஏதுவே? எங்க போனாலும் அவருக்கு நாற்காலி போடுதான்" என்றான்.

போனோம். கோமதியும் கூட வந்தாள். அண்ணாச்சி நரைத்திருந்தார், தொப்பை விழுந்திருந்தது, தோள் மட்டும் அப்படியே. படிவத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"நெட்டு யோக்கியம்னு நான் எழுதித் தரணுமாக்கும்? தாரேன். இத்தன வருசத்துல வாயத் தெறக்காதவன் இவன் ஒருத்தன்தான். இவனவிட யோக்கியன் எவன்லே இருக்கான்?" என்று சொல்லி, இடது கையால் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

கோமதி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் வாலிபால் ஆடுறேன். உன்ன மாதிரியே இடது கை" என்றாள். அண்ணாச்சி 'நீ'யைப் பொருட்படுத்தவில்லை.

"பொட்டப்பிள்ளைக்குப் பந்து எதுக்கு? இடக்கையில கரண்டியப் பிடிச்சா சோறு சிந்தும். மொதல்ல அத மாத்து."

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் முருகன்குறிச்சி வரைக்கும் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, இவரு நல்லா ஆடுவாருன்னு சொன்னே. நல்லவருன்னு சொன்னியா?"

யோசித்துப் பார்த்தேன். நூறு தடவை கதை சொன்னதில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. "இல்லம்மா, சொல்லல" என்றேன். "அப்போ சரி" என்றாள். பெரியவர்கள் நாங்கள் எத்தனையோ வருடமாகக் குழப்பிக்கொண்டிருந்த விஷயம், அவளுக்கு ஒரு பஸ் நிறுத்தத்துக்குள் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை.

5

ஏனென்றால் அடுத்த வாரமே பீர் முகம்மது ஒரு வேலையோடு வந்தான். எங்கள் மைதானத்துப் போட்டிக்கு அது வெள்ளி விழா. அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தி வாழ்த்து மடல் வாசித்துக் கொடுக்கப்போகிறார்கள். எழுதி வாசிக்க வேண்டியது நான்.

வாழ்த்து மடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு பத்தியும் ஒரு கூப்பாட்டோடு தொடங்கும். பண்பின் சிகரமே! எளிமையின் இருப்பிடமே! நேர்மையின் நெடுங்குன்றே! தலைமையாசிரியர் ஓய்வு பெற்றாலும், தாசில்தார் மாறிப் போனாலும் அதே சிகரம், அதே குன்று. ஜங்ஷன் பக்கம் நாங்கள் போன அச்சகத்தில் அந்த வரிகளை அச்சுக் கோத்தபடியே எடுத்து வைத்திருந்தார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

நான் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். அவர் குதிப்பு, அவர் தோள், மணலை அள்ளிக் காற்றைப் பார்த்தது, எல்லாம் வந்தது. மனதார எழுதினேன், எழுதும்போது கண்கூடக் கலங்கியது. பீர் முகம்மது வாசித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அருமையா இருக்குவே. பண்பு எங்க?"

"பண்பு வரல."

"வாழ்த்து மடல்ல பண்பு இல்லன்னா சனங்க என்ன நெனைக்கும்? நேர்மைன்னு ஒரு வரி போட்டா உமக்கு என்ன கொறஞ்சா போவும்?"

"பீரு, அன்னைக்குப் பாவநாசத்துல நெட்டத் தொட்டது நான் இல்ல."

அவன் கையில் இருந்த டீ கிளாஸை மேசையில் வைத்தான். எனக்கு முதன்முதலில் நெட்டு என்று பெயர் வைத்ததே அவன்தான்.

"யா அல்லா. இத்தன வருசமா ஏன்வே சொல்லல?"

"நீ கேக்கலையே."

"என்னவே இது, எங்கிட்டயாச்சும்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "சரி. கை, காலு, காத்து. அதோட நிப்பாட்டிக்கிடுவோம். நானே அச்சாபீசுல குடுத்திருதேன்" என்றான். கடைசியில் ஒரு பெரிய மனிதரைப் பொய் சொல்லாமல் புகழ ஒரு வழி கிடைத்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

6

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. அண்ணாச்சி பொன்னாடையோடு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோமதி முன்வரிசையில், கால்களை மடக்கித் தரையில். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலை அப்போதுதான் என் கையில் கொடுத்தார்கள்.

வாசித்தேன். புன்னக்காயல் காற்று வந்தபோது கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த பத்திக்குக் கண்ணை இறக்கினால், நான் எழுதாத ஒன்று கொட்டை எழுத்தில் நிற்கிறது.

நேர்மையின் நெடுங்குன்றே!

அச்சகத்துக்காரர்மேல் தப்பு சொல்ல முடியாது. தாளில் அடிப்பக்கம் கொஞ்சம் வெறுமையாக இருந்திருக்கிறது. பாவம், வெளிநாட்டு வாத்தியார் முக்கியமானதை மறந்துவிட்டார் என்று நினைத்து, தயாராக இருந்த வரியை எடுத்துச் சேர்த்துவிட்டார். எனக்கு நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

என் வாய் நின்றுவிட்டது. வாசித்தால் பாபநாசத்தில் தொட்டது நான்தான் என்று நானே மைக்கில் சொன்ன மாதிரி. வாசிக்காவிட்டால் மேடையில் அவருக்கு அவமானம். எனக்கு யோக்கியன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதர் வேறு. பீர் முகம்மது மேடை ஓரத்திலிருந்து கையைப் பிசைந்தான். கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். எட்டி, சட்டத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியைப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

"இது அச்சாபீசுக்காரன் சரக்குலே. நெட்டு இத எழுதிருக்க மாட்டான். தாண்டிப் போ."

மைதானம் முழுக்கச் சிரித்தது. என்ன அர்த்தம் என்று தெரியாமலே சிரித்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் மறக்கவில்லை. அத்தனை வருடமும் அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

7

பிறகு பழைய ஆட்கள் சும்மா ஒரு காட்சி ஆட்டம் ஆடினோம். அண்ணாச்சி பொன்னாடையைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏ நெட்டு, வா. ஒண்ணு தூக்கு. பைய தூக்கு, அவசரப்படாத."

தூக்கினேன். விரல் மறந்திருக்கவில்லை. அந்தத் தொப்பையோடு அவர் எழும்பினார் பாருங்கள், ஒரு கண நேரம் அங்கே நின்றார். சத்தியமாக நின்றார். அடித்தார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்து மண் தெறித்தது. கோமதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வலை ஆடிக்கொண்டிருந்தது.

"நெட்டு! நெட்டு!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணாச்சியின் கை தானாக நீண்டு என்னைக் காட்டியது. யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, பழக்கம்.

"இவன்தாம்லே."

"இல்ல!" கோட்டோரத்திலிருந்து ஒரு சின்னக் குரல். "நீதான் தொட்ட. நான் பாத்தேன். உன் முழங்கை."

சுடலைமுத்து அண்ணாச்சியை 'நீ' என்று சொன்னவர்கள் அந்த ஜில்லாவில் யாரும் கிடையாது. என் மனைவி தலையில் கை வைத்தாள். அண்ணாச்சி மெதுவாகத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். தன் முழங்கையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"ஆமா. நாந்தான் தொட்டேன்" என்றார்.

பீர் முகம்மது விடுவானா? "அண்ணாச்சி, அப்பம் அன்னைக்குப் பாவநாசத்துல?"

"அன்னைக்குள்ளத அன்னைக்கே கேட்டிருக்கணும்வே. இப்பம் கேட்டா?" என்று வேட்டியை இறக்கிவிட்டார். இந்தத் தடவை கூட்டத்துக்கு அர்த்தம் புரிந்தது. அந்தச் சிரிப்பு என்மேல் விழவில்லை.

அண்ணாச்சி திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். போகும்போது என் மனைவியிடம், "பிள்ளைக்குக் கண்ணு நல்லாருக்கு. பந்த விடச் சொல்லி, ஊசி நூல் கோக்கப் பழக்கும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வாழ்த்து மடலை நேர்மையின் நெடுங்குன்றோடு சேர்த்து வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறாராம். பீர் முகம்மது எழுதியிருந்தான். அவன் கடிதத்தில் என் பெயர் இன்னும் நெட்டுதான். இப்போது உறையைப் பிரிக்கக் கை தயங்குவதில்லை.

8

திங்கட்கிழமை சாயங்காலம் படிவத்தோடு வீட்டுக்கு வந்தேன். கோமதியின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு படம் இருக்கிறது. அந்தக் காட்சி ஆட்டத்தில் யாரோ எடுத்தது. அண்ணாச்சி வானத்தில் நிற்கிறார், கீழே நான் விரலை விரித்துக்கொண்டு நிற்கிறேன். போன மாதம் அவள் பந்தை அடித்ததைப் பார்த்தேன். அதே தோள் திருப்பல், அதே நிதானம். பார்த்துப் பார்த்தே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"கோமு, அண்ணாச்சியப் பிடிக்குமா ஒனக்கு?"

"அவரு அடி பிடிக்கும்" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"சனிக்கிழமை யாருமே பாக்கலையாமே. ஏன் கையத் தூக்கின?"

"அப்போ யாரும் பாக்கல. ஆனா நெட்டு ஆடிட்டு இருந்துச்சு. யாரு தொட்டதுன்னு யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாங்க."

"கேட்டா?"

அவள் இப்போது நிமிர்ந்தாள். இவ்வளவு பெரிய வாத்தியாருக்கு இதுகூடவா தெரியாது என்று பார்த்தாள்.

"நெட்டுப் பக்கத்துல என் ஃப்ரெண்டு நாலெடி நின்னாப்பா. அவ லிஃப்டர். அவளத்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

நான் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு வந்து உட்கார்ந்து, காலியாக இருந்த நடத்தைக் கட்டத்தை நிரப்பி, வகுப்பாசிரியர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் அப்பா என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் போட்டேன்.